திருவருளும் காலந்தாழ்த்தலும்

சைவ சமயிகளுள் ஒருசாரார்க்கு ஓர் எண்ணம் உண்டு. கிறித்தவர்க்குப் பிறவி ஒன்றே. ஆதலின் அவர் இரட்சிப்புக்கு விரைதல் பொருந்தும். நமக்கோ பிறவிகள் எண்ணில. இப்பிறவியில் முடியாதது மறுபிறவியில் முடியும், அவசரம் எதற்கு? இதனை வாயாற் சொல்வார் சிலர். வாழ்க்கையாற் சொல்வார் பலர். பிள்ளைகளின் படிப்பு முடியட்டும், மகளுக்குக் கலியாணம் ஆகட்டும், வயற்கடன் தீரட்டும், பின்னர்க் கோயிலும் திருமுறையும் தீட்சையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றனர். மறுபிறப்பென்னும் உண்மையைச் சோம்பலுக்குத் தலையணையாக வைத்துக்கொள்ளும் இவ்வெண்ணம் நம் சித்தாந்தத்துக்கு உடன்பாடானதா என்பதை இங்கே ஆராய்வாம்.

யான் இளமையிற் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே நாடோறும் முதற்பாடம் விவிலியம். மணவாளனை எதிர்கொள்ளச் சென்ற பத்துக் கன்னியருள் ஐவர் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோகாமையும், அவர் எண்ணெய் வாங்கி மீளுமுன் கதவு அடைக்கப்பட்டமையும் அங்கேதான் கேட்டேன். பவுலின் பேச்சைக் கேட்டு நடுங்கிய பீலிக்ஸ் என்னும் உரோமத் தேசாதிபதி, சமயம் வாய்க்கும்போது அழைப்பிப்பதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்ட கதையையும் அங்கேதான் கேட்டேன். ஆசிரியர் அவற்றை நன்றாகவே சொல்லுவார். அக்கதைகள் எழுப்பும் வினா நேர்மையான வினா. அதனைப் பிறசமயத்தார் வினாவென்று தள்ளுதல் அறிவுடைமையன்று. விடை வேறாகலாம், வினா சைவனுக்கும் உரியதே. ஆறுமுக நாவலர் அவர்களும் (1822–1879) வெசிலியன் பாடசாலையிற் கற்று, அங்கே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவரே. 1847 ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியவர், அடுத்த ஆண்டிலேயே மிஷன் வேலையைத் துறந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. வயது முதிரட்டும் என்று அவரும் இருந்திருப்பாரேல் நம்மவர் கையில் இன்று என்ன நூல் இருக்கும் என்பதை வாசிப்போர் எண்ணிப் பார்க்க.

இனி விடை எங்கே வேறுபடுகின்றது என்பதைக் காண்போம். கதவு அடைபடும் என்கின்றது அக்கதை. சைவசித்தாந்தமோ இறைவன் கதவை அடைப்பான் என்று எங்கும் கூறவில்லை. முடிவில்லாத நரகம் என்பது நமக்கு உடன்பாடன்று. நரகமும் வினையளவில் முடிவதே. அதுவும் உயிரைத் திருத்தும் மருத்துவமே. இறைவன் செய்யும் ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்று. அம்மறைத்தலும் அருளே என்பது நம் நூல்களின் துணிபு. பக்குவப்படாத உயிரை உலக அனுபவங்களிற் செலுத்திப் பக்குவப்படுத்தற் பொருட்டு அருட்சத்தியே திரோதமாய் நிற்கின்றது. ஆகவே அவன் ஒருகாலும் முகந்திருப்பிக் கொள்பவன் அல்லன்.

அங்ஙனமாயின் 'காலங்கடந்தது' என்ற சொல்லுக்குச் சைவத்தில் இடமே இல்லையோ எனின், உண்டு. காலங்கடத்தல் அவன் பக்கத்தது அன்று, நம் பக்கத்தது. உயிர் தானே நின்று எதனையும் அறியமாட்டாது. உடம்பு, பொறி, மனம் முதலிய கருவிகளோடு கூடியே அது அறியும், விரும்பும், செய்யும். இக்கருவிகள் முழுதும் அமைந்தது மானிட உடம்பு. நால்வகைத் தோற்றத்து எழுவகைப் பிறப்பில் எண்பத்து நான்கு நூறாயிரம் யோனி பேதங்களில் அலைந்து இவ்வுடம்பை அடைதலின் அருமையை அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் விரித்துரைக்கின்றார். மானிடராய்ப் பிறத்தல், பிறந்தும் மெய்ந்நெறி வழங்கும் நாட்டிற் பிறத்தல், அங்கும் தவஞ்செய்யும் குடியிற் பிறத்தல், பிறந்தும் செல்வச் செருக்கினாலும் வறுமைத் துயரினாலும் கெடாதிருத்தல் என்று அவர் ஒவ்வொன்றாக அடுக்கும்போது, மறுபிறவியைப் பொதுவில் நம்பியிருப்போன் எத்துணை நிபந்தனைகளை மறந்திருக்கின்றான் என்பது விளங்கும். பிறவி பல உண்டு என்பது உண்மை. மறுபிறவி இத்தகையதாகும் என்று எவரும் உறுதிச்சீட்டு எழுதித்தரவில்லை.

இன்னொன்றும் உண்டு. காலந்தாழ்த்துவோன் தான் நின்ற இடத்தில் நிற்பதாக நினைக்கின்றான். வினை மூவகை. தொகுதியாய்க் கிடப்பது சஞ்சிதம். அதனின்று இப்பிறவிக்கென்று பிரிந்து வந்து அனுபவிக்கப்படுவது பிராரத்தம். அனுபவிக்கும்போதே புதிதாய் ஏறுவது ஆகாமியம். நாள் ஒன்று கழியும்போது பிராரத்தம் ஒரு பங்கு குறைகின்றது. ஆகாமியமோ அதனினும் மிகுதியாய் ஏறக்கூடும். ஆகவே தாமதம் என்பது வட்டி ஏறும் கடன். கடன் எழுதிக் கமஞ்செய்யும் நம் பகுதியார்க்கு இதன்மேல் விளக்கம் வேண்டாம்.

கமத்தைக் குறிப்பிட்டமையால் இரணைமடுக் குளத்தையே எடுத்துக்கொள்வோம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இக்குளம் வடமாகாணத்துக் குளங்களுட் பெரியது. இரணை என்பது இரட்டை. இரு மடுக்கள் ஒருங்குசேர்ந்த இடமாதலின் இப்பெயர் எய்திற்று என்பர். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் செய்த திட்டத்தை அடியொற்றி 1902 இல் வேலை தொடங்கி, 1920 ஐ ஒட்டி நிறைவேறிற்று. பின்னரும் பலமுறை கட்டு உயர்த்தப்பட்டது. இறுதியாக நடந்த பெருந்திருத்தத்தின் பின் 2018 இல் மீளத் திறக்கப்பட்டது. இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களால் இருபதினாயிரம் ஏக்கரளவு வயல் இதனை நம்பியிருக்கின்றது.

காலபோகத்துக்கு மழையும் துணையாகும். சிறுபோகமோ குளத்து நீரொன்றையே நம்பியது. ஆதலின் ஆண்டுதோறும் கிளிநொச்சியிற் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுவதும், அங்கே அரசாங்க அதிபரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமக்கார அமைப்பினரும் இருந்து குளத்து நீர்மட்டத்தைக் கணக்கிட்டு, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாள் துருசு திறப்பது, எந்நாளுக்குள் விதைப்பை முடிப்பது, எந்நாளோடு நீர்விநியோகத்தை நிறுத்துவது என்று தீர்மானிப்பதும் யாவரும் அறிந்தவை. திகதி குறிக்கப்பட்ட பின் ஒருவன் விதையாது இருந்துவிட்டு மூன்று கிழமை கழித்து விதைத்தான் என்க. அவன் வயலுக்கும் அதே வாய்க்கால் நீர் தருகின்றது. பயிர் பச்சென்று எழுகின்றது. அயல்வயல்கள் கதிர் முற்றிக் காயும் பருவத்தில் அவன் பயிர் குடலைப் பருவத்தில் நிற்கின்றது. அப்போது துருசு மூடப்படுகின்றது. பொறியியலாளர் அவன்மேற் பகைகொண்டு மூடினாரல்லர். அவன் வரம்பில் நின்று கூவுவதனாலும் பயனில்லை. கூட்டத்தில் அவனும் இருந்தான்; திகதி அவனுக்கும் தெரியும்.

உவமையை எல்லை கடந்து இழுத்தலாகாது. குளத்து நீர் அளவுடையது, திருவருள் அளவிலது. துருசை மூடுவார் உளர். அருளை மூடுவார் இலர். இங்கே உவமைக்கு இயைவது பயிரின் வயது ஒன்றே. மூன்று மாத நெல்லுக்கு மூன்று மாதம் வேண்டும். அதனை மூன்று கிழமையில் விளைவிக்க எவராலும் இயலாது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்படியும் அவ்வாறே வளர்ச்சிக்குக் காலம் வேண்டுவன. நாற்பது ஆண்டு உலகத்தை நினைத்துப் பழகிய மனம் நாற்பதாம் ஆண்டின் இறுதி நாளிற் சிவனை நினைக்கும் என்று எதிர்பார்த்தல், விதைப்பைத் தவறவிட்டவன் அறுவடையை எதிர்பார்த்தல் போலும். மேலும், எடுத்துக்கொள்ளப்படாத நீர் வீணாய் நின்றுவிடுவதில்லை. மழைமிக்க ஆண்டில் வான் பாய்ந்து சுண்டிக்குளத்தை நோக்கிப் போய்விடுகின்றது. 2018 மார்கழியில் வான்கதவுகள் திறந்தபோது அந்நீர் வயலையும் வீட்டையும் மூடிச் சென்றதைக் கண்டாவளைப் பகுதியார் மறந்திரார். வயலுக்கு உயிராகும் நீரும் ஏற்குங் காலத்தில் ஏற்கப்படாவிடின் வேறு முகங்காட்டும்.

இக்குளத்தோடு இன்னொரு வரலாறும் பிணைந்துள்ளது. இதனைக் கட்டிய காலத்தவர் ஒருவர் வாழ்க்கையே நம் ஆராய்ச்சிக்கு நேரான சான்று. அவர் யோகர் சுவாமிகள். 1872 இல் மாவிட்டபுரத்திற் பிறந்து, கத்தோலிக்க சமயத்தைச் சார்ந்த உறவினர் ஆதரவிற் கத்தோலிக்கப் பாடசாலையிற் கற்றவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுவில் நீர்ப்பாசனப் பகுதியிற் களஞ்சியப் பொறுப்பாளராக, பிரவுண் என்னும் பொறியியலாளரின் கீழ், வேலைபார்த்தார். அக்காலத்து இரணைமடு இன்றைய இரணைமடு அன்று. பெருங்காடு, யானை, நுளம்பு, மலேரியாக் காய்ச்சல் ஆகியவற்றின் நடுவிற் கூலியாட்கள் கல்லும் மண்ணும் சுமந்த இடம். மண்வெட்டி, கூடை, இரும்பு இவற்றின் வரவுசெலவு எழுதும் உத்தியோகத்தர் ஒருவர், பகல் வேலை முடிந்து இரவிற் காட்டின் தனிமையில் தியானத்தில் அமர்ந்திருப்பார் என்பது அவர் சரித்திரம் எழுதியோர் கூற்று. கையிற் சம்பளம் உண்டு. பொறுப்புள்ள பதவி உண்டு. மேலதிகாரியின் மதிப்பு உண்டு. காலந்தாழ்த்துவதற்கு வேண்டிய வசதிகளெல்லாம் அவரிடம் இருந்தன.

1905 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணம் சென்றபோது நல்லூர்த் தேரடியிற் செல்லப்பா சுவாமிகளைக் கண்டார். செல்லப்பரும் முன்னர்க் கச்சேரியில் உத்தியோகம் பார்த்து அதனைக் கைவிட்டவர். கந்தற்றுணியோடு தேரடிப்படியில் இருந்து தமக்குட் பேசுவார்; வழிப்போவாரை வைவார். ஊரார் அவருக்குக் கொடுத்த பெயர் விசரன். அவர் இவரை நோக்கி, நீ யார் என்ற பொருள்படும் ஒரு கேள்வியை அதட்டிக் கேட்டார். இவர் நின்றுவிட்டார்.

இங்கே ஒன்று சிந்திக்கற்பாலது. நல்லூர் வீதி நாடோறும் ஆயிரவர் நடந்த வீதி. அத்தேரடியில் அந்த மனிதர் ஆண்டுக்கணக்காக இருந்தார். அதட்டல் ஒருவருக்கென்று தனியே ஒதுக்கிவைத்த அதட்டலன்று. எத்துணையோ பேர் அதனைக் கேட்டனர். சிலர் சிரித்தனர், சிலர் சினந்தனர், சிலர் பூசைக்கு நேரமாயிற்றென்று விரைந்தனர். கோயிலுக்குப் போகும் அவசரத்தில் அருளின் குரலைக் கடந்துபோனவர் எத்தனை பேரோ! அழைப்பு வராமையினாலன்று, அது தாம் எதிர்பார்த்த உருவில் வாராமையினாலேயே மனிதர் அதனைத் தவறவிடுகின்றனர். சுந்தரமூர்த்தி நாயனார்க்கும் அழைப்பு வந்தது மணப்பந்தலில், ஆளோலை நீட்டி வழக்காடும் ஒரு கிழவேதியர் உருவில். அவரும் அவ்வேதியரைப் பித்தன் என்றே ஏசினார். ஆயினும் ஓலையைப் பார்ப்போம் என்று திருவெண்ணெய்நல்லூர்வரை வழக்கின் பின்னே சென்றார். அவர் செய்த புண்ணியம் அந்நடையே என்பது எம் கருத்து. மாணிக்கவாசகரோ பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொருள் கொண்டு போகின்ற மந்திரி. திருப்பெருந்துறையிற் குருந்தமரத்தடியிற் குருநாதரைக் கண்டபோது, குதிரை வாங்கிக் கணக்கு ஒப்புவித்துவிட்டு வருகின்றேன் என்று சொல்லவில்லை. அரசன் பொருள் என்னாயிற்று என்ற கேள்வியும் அதன் துன்பமும் பின்னர் வந்தன; அவற்றையும் ஏற்றுக்கொண்டார்.

யோகர் சுவாமிகள் வரலாற்றில் எமக்கு மிக இனிப்பது இதனின் வேறான ஒன்று. தேரடியிற் கேட்ட அன்றே அவர் இரணைமடுவைக் கைவிட்டாரல்லர். சில ஆண்டுகள் அவ்வேலையிலேயே இருந்தார். கிடைத்த ஓய்வுநாளிலெல்லாம் நல்லூருக்குச் சென்று குருவினருகில் இருப்பார். மீண்டு வந்து களஞ்சியத்திற் கடமை செய்வார். பின்னர்க் காலம் கனிந்தபோது உத்தியோகத்தைத் துறந்து குருவோடு ஒன்றினார். குருவின் மறைவுக்குப் பின் கொழும்புத்துறையில் இலுப்பைமரத்தடியில் இருந்து, அங்கேயே சிறு குடிலில் நெடுங்காலம் வாழ்ந்து, 1964 பங்குனியிற் சமாதியடைந்தார். அவர் அருளாணையில் 1935 இற் தோன்றிய சிவதொண்டன் என்னும் பத்திரிகையை வாசியாத சைவ வீடுகள் குறைவு. ஆகவே அழைப்புக்கு உடனே செவிகொடுத்தல் வேறு, வேலையை உடனே எறிதல் வேறு. முன்னது அன்று நிகழ்ந்தது. பின்னது உரிய காலத்தில் நிகழ்ந்தது. நம்மவர் பலர் பின்னதற்கு அஞ்சி முன்னதையும் தள்ளிவைக்கின்றனர். குடும்பத்தை விட்டுவிட்டு ஓடவேண்டுமோ என்று கேட்போர்க்கு இரணைமடுக் களஞ்சியமே விடை. கணக்கேட்டை எழுதும் கை கணக்கேட்டை எழுதட்டும். மனம் யாருடையது என்பதைத் தீர்மானித்தற்கு ஓய்வூதியம் வரை காத்திருத்தல் வேண்டா.

இனி, கற்றவர் சிலர் எழுப்பும் தடை ஒன்றை நோக்குவாம். இருவினையொப்பும் மலபரிபாகமும் வந்தபின்னரே சத்திநிபாதம் உண்டாகும். பரிபாகம் வராதவன் என்ன முயன்றும் பயனில்லை. வந்தவனுக்கு முயற்சி வேண்டா. ஆதலின் காத்திருத்தலே முறை என்பது அத்தடை. சூரியன் எல்லாத் தாமரைக்கும் பொதுவில் உதிப்பினும் பருவமடைந்த மொட்டே மலரும் என்னும் உவமையை அவர் துணைக்கழைப்பர். உவமை நம் நூலோர் உவமையே. அதனைச் சோம்பலின் பக்கத்தில் வைத்ததுதான் பிழை. மொட்டு நீரின் மேலே தலைநீட்டி நின்றாலன்றோ சூரியன் அதனைத் தொடும்? சேற்றிலே தலையைப் புதைத்துக்கொண்டு பருவம் வரவில்லை என்னும் தாமரை எங்கும் இல்லை. அவ்வாறு சொல்வது மனிதன் ஒருவனே. பரிபாகத்துக்கு வழியாகவே சரியை முதலியவற்றை இறைவன் ஆகமத்தில் வகுத்தான். அவற்றைச் செய்யாது பரிபாகத்துக்குக் காத்திருப்போன் ஏரையும் பூட்டாது எருவையும் இடாது விளைவுக்குக் காத்திருப்போன்.

அன்றியும், எனக்கு இன்னும் பரிபாகம் வரவில்லை என்பதை அவன் எங்ஙனம் அறிந்தான்? சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும். முதலாவது வாழைத்தண்டில் நெருப்புப் பற்றினாற்போல்வது, இரண்டாவது பச்சை விறகில், மூன்றாவது உலர்ந்த விறகில், நான்காவது கரியில் என்று பெரியோர் உவமை கூறுவர். வாழைத்தண்டில் நெருப்பு எப்படிப் பற்றும்? புகையும், அணையும், மறுபடி ஊதவேண்டும். ஒருவன் கோயில் மணியோசை கேட்டு ஒருகணம் மனங்கசிகின்றான், மறுகணம் மறக்கின்றான். யாரோ பாடுந் தேவாரம் காதில் விழுகையிற் காரணமின்றிக் கண்கலங்குகின்றான். பிறர் காணாவண்ணம் துடைத்துக்கொள்கின்றான். வாழ்க்கை இவ்வளவுதானோ என்று இரவில் விழித்திருந்து கேட்கின்றான். விடிந்ததும் வேலைக்குப் போகின்றான். இவை மந்ததரத்தின் அடையாளம் என்பது எம் துணிபு. பெரிய ஒளியும் பெரிய குரலும் வரும் என்று பார்த்திருப்போன் இச்சிறுபுகையை அழைப்பென்று எண்ணுவதில்லை. நெருப்பு ஏற்கெனவே வந்துவிட்டது, தண்டு பச்சையாயிருக்கின்றது, ஊதுவார்தாம் இல்லை.

யோகர் சுவாமிகளின் வாக்கு ஒன்றையே சிலர் தடையாகக் கொண்டுவருவர். காரியம் என்றோ நிறைவேறிவிட்டது என்ற கருத்துப்பட அவர் அடிக்கடி சொல்வதுண்டு. அங்ஙனமாயின் நாம் செய்ய என்ன இருக்கின்றது என்பர். அவ்வாக்கைச் சொன்னவர் இலுப்பையடியில் வெயிலும் மழையும் தாங்கி ஆண்டுகள் பல இருந்தவர். அதனை எடுத்துச் சொல்பவரோ விறாந்தையிற் சாய்கதிரையில் இருப்பவர். திருவருள் பக்கத்தில் எல்லாம் முடிந்தே இருக்கின்றது. குளம் கட்டிமுடிந்து நீரும் நிறைந்திருக்கின்றது. வயலுக்குப் பாயும் கிளைவாய்க்காலிற் புல்லையும் சேற்றையும் வெட்டி எறியவேண்டியவன் கமக்காரன். குளம் எப்போதோ கட்டியாயிற்று என்று சொல்லிக்கொண்டு மண்வெட்டியைத் தொடாதவன் வயல் காய்ந்தே கிடக்கும்.

எம் அயலிற் கமக்காரர் ஒருவர் இருந்தார். நேர்மையானவர், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் தவறாது கொடுப்பவர், கடன்பட்டார் வீட்டுக்கு நெல் அனுப்பிவிட்டு அதனைப் பிறரிடம் சொல்லாதவர். சமய தீட்சை பெறவேண்டும் என்று என்னிடம் பலமுறை சொன்னதுண்டு. ஆசாரியர் வந்து கோயிலிற் தீட்சை செய்த நாள்களில் ஒருமுறை அறுவடை, ஒருமுறை மகன் வெளிநாட்டுப் பயணம், ஒருமுறை நெல் விற்க வந்த வியாபாரி. பின்பு ஒருநாட் காலை வரம்பில் விழுந்தார். பாரிசவாதம் வலப்பக்கத்தையும் நாவையும் கொண்டுபோயிற்று. நான் சென்று பார்த்தபோது இடக்கையால் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்; திருநீறு இட்டுவிட்டேன். திருவைந்தெழுத்தைச் சொல்ல உதடு முயன்றது; ஒலி எழவில்லை. கண்ணீர்தான் வந்தது.

அவர் கைவிடப்பட்டார் என்று யான் கூறேன், கூறுதல் சிவநிந்தையாகும். பார்வையாலும் பரிசத்தாலும் பாவனையாலும் நிகழும் தீட்சைகள் நம் ஆகமங்களில் உள்ளன. ஆசாரியரை வீட்டுக்கே அழைத்துவந்தோம். அவர் செய்யவேண்டியதைச் செய்தார். பின்னர் நோயாளர் முகத்தில் ஒரு தெளிவு இருந்ததை அவர் மனைவியாரும் யானும் கண்டோம். ஆயினும் திருநாவுக்கரசு நாயனார் திருவங்கமாலையில் தலை, கண், செவி, வாய், கை, கால் என்று உறுப்பு ஒவ்வொன்றையும் அழைத்து அதனதன் வழிபாட்டுக் கடமையைச் சொல்கின்றாரே, அவ்வுறுப்புகளுள் அன்று அவருக்கு எஞ்சியிருந்தவை எத்தனை? அருள் அவரிடம் வரத் தாமதிக்கவில்லை. அதனை ஏற்று அனுபவித்தற்கு இருந்த முப்பது ஆண்டு நல்ல உடம்பு அவருக்குத் திரும்பிவரவில்லை. இழந்தது அதுவே, அது சிறிய இழப்பன்று. நாயனாரும் சமணத்தில் இருந்து பிந்தியே திரும்பினார் எனின், சூலைநோயோடு தமக்கையார் திலகவதியார் மடத்துக்கு இரவோடிரவாக வந்தவர், வந்தபின் ஒருநாளையும் பிந்தவில்லை. முதுமையிலும் உழவாரத்தைக் கையினின்று வைத்ததில்லை.

இவ்விடத்தில் நம்மவர் வழக்கம் ஒன்றைக் கூறாதிருத்தல் இயலாது. சிவபுராணம் வீட்டிலே நாடோறும் ஓதுதற்குரியது. அதனை நம்மவர் சாவீட்டுப் பாட்டாக்கிவிட்டனர். திருப்பொற்சுண்ணமும் அவ்வாறே. மாலையிற் பிள்ளையொருத்தி சிவபுராணத்தைப் பாராயணஞ் செய்யத் தொடங்கினால், நல்ல வீட்டில் இதனைப் படிப்பதா என்று தடுக்கும் பாட்டிமாரை யான் கண்டிருக்கின்றேன். உயிர் இருக்கும்போது கேட்கவொட்டாது தடுத்து, உயிர் போனபின் உடம்பின் காதில் ஓதுகின்றோம். அந்தியேட்டி என்பது தீட்சை பெற்றவர்க்குரிய இறுதி வேள்வி. வாழ்நாளில் ஆசாரியர் முன் ஒருநாழிகை அமராதவர்க்கும் முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அது சிறப்பாக நடைபெறுகின்றது. செலவைக் குறைப்பாரில்லை. அச்செலவிற் பத்திலொரு பங்கை அவர் உயிரோடிருந்த காலத்திற் செலவிட்டிருந்தால் அவர் தாமே அமர்ந்து பெற்றிருப்பார்.

நாளை நம் கையில் இல்லை என்பதை வன்னியார்க்கு எவரும் போதிக்கவேண்டுவதில்லை. 2004 மார்கழி 26 ஆம் நாட் காலையில் முல்லைத்தீவுக் கரையில் நடந்ததையும், 2008 இன் பிற்பகுதியிற் கிளிநொச்சி ஊர்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து கிழக்கே சென்றதையும், 2009 வைகாசிவரை நிகழ்ந்தவற்றையும் இங்கே விரித்தெழுத மனம் வரவில்லை. ஒன்று மாத்திரம் சொல்லவேண்டும். அக்காலத்திற் பதுங்குகுழிகளுள் இருந்து நேர்ந்த நேர்த்திகள் பல. வாயிற் சிவநாமம் நீங்காதிருந்தவர் பலர். மீண்டு வந்து, கூரையும் கிணறும் சீராகி, வயலும் விளையத் தொடங்கியபின் அவருட் பலர்க்கு அந்நாமம் மறந்துபோயிற்று. யான் அவர்களைக் குறைகூறவில்லை. அச்சத்தினால் வந்த விரைவு அச்சம் நீங்கியவுடன் தானும் நீங்குதல் இயல்பு. நரகத்தைக் காட்டி, மரணத்தைக் காட்டி மனிதரைக் கோயிலுக்கு ஓட்டுவதில் எமக்கு நம்பிக்கையில்லாமைக்குக் காரணம் இதுவே. எம் மிஷன் பாடசாலையிலும் அச்சுறுத்திய போதகர் சொற்கள் மறந்துபோயின. கனிந்து பேசியவர் சொற்கள்தாம் நினைவில் உள்ளன. தாய் வாசலில் நின்று கூப்பிடும்போது பிள்ளை ஓடுவது அடிக்கு அஞ்சியன்று. விளையாட்டு எத்துணை இனியதாயினும் அவள் குரல் அதனினும் இனிதாதலின் ஓடுகின்றது. அன்பினால் வரும் விரைவே நிலைக்கும் விரைவு.

அவ்விரைவு எங்கே தொடங்கும் என்று கேட்போர்க்குச் சிறியனவே சொல்லுவேன். காலையில் நீராடித் திருநீறணிந்து திருவைந்தெழுத்தைச் சில நிமிடமேனும் செபித்தல். மாலையில் விளக்கேற்றியபின் வீட்டார் கூடி ஒரு பதிகமாயினும் ஓதுதல். சிவபுராணத்தைச் சாவீட்டினின்று மீட்டு வீட்டுக்கு அழைத்துவருதல். வெள்ளிக்கிழமை அருகிலுள்ள கோயிலுக்கு, இரணைமடுவார் கனகாம்பிகை அம்பாள் சந்நிதிக்கு, தவறாது செல்லுதல். சமய தீட்சையைப் பொறுத்தவரை, நம் ஊர்க்கோயில்களில் ஆசாரியர் வரும் நாளிற் பெற்றுக்கொள்வோர் பெரும்பாலும் பாடசாலைப் பிள்ளைகளே. அது நன்றே. ஆனாற் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டு வீதியில் மோட்டார் சைக்கிளிற் சாய்ந்து நிற்கும் தந்தையாரும், குடையோடு காத்திருக்கும் தாயாரும் உள்ளே வந்து அமர்தல் வேண்டும். வீட்டிலே முதியோர் இருப்பின் அவரை அழைத்துவருதல் இன்னும் முதன்மையானது. நடக்கமாட்டாதவர் இருப்பின் ஆசாரியரிடம் முன்கூட்டிச் சொன்னால் அவர் வீட்டுக்கு வர மறுப்பதில்லை. இம்முறை காலபோக விதைப்புத் தொடங்குமுன் புரட்டாசியில் நாளொன்று குறித்துக்கொள்க. ஐப்பசி பிறந்தால் வயலைவிட்டு வர ஒருவருக்கும் நேரமிராது. அன்று உபவாசமாயிருந்து நீராடித் தோய்த்துலர்ந்த ஆடையுடன் வரவேண்டும் என்பதையும், கொண்டுவரவேண்டிய பொருள்கள் எவை என்பதையும் ஆசாரியரையோ கோயிற் குருக்களையோ கேட்டறியலாம். அதற்கு வீட்டிலுள்ள இளையவரையே அனுப்புக. வரும்போது நாளையும் எழுதிக்கொண்டு வரட்டும்.